டீக்கடை மறைப்பில் ஒரு தொழிலதிபர்

எங்கள் ஊரில் தொழிலதிபர்களுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சாலை என்று தேடினால் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைகள் சிலவும் ஒரு மாவு மில்லும்தான் கிடைக்கும். ஆனால் எந்தக் கல்யாண ஃபிளெக்ஸை வேண்டுமானாலும் அண்ணாந்து பாருங்கள், குறைந்தது நான்கு தொழிலதிபர்களாவது கோட்டுப் போட்டு நிற்பார்கள். ஒருவர் இரண்டு ஆடு வைத்திருப்பார். இன்னொருவர் துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்து அடுத்த விசாவுக்குக் காத்திருப்பார். ஒருவர் ஒன்றுமே செய்யமாட்டார், அவருக்குத்தான் எழுத்து பெரிதாக இருக்கும். என் தங்கை கல்யாணத்தில் நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன். அந்தப் பதவி உயர்வால் எனக்கு வரவேண்டிய மாற்றுத்திறனாளி உதவித்தொகை வராமலே போகப் பார்த்தது.

தொழிலதிபர் ஆவதற்கு முன்னால் நான் மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. தோளில் பை, கழுத்தில் டை, மோட்டார் பைக்கில் கறம்பக்குடி, ஆலங்குடி, அறந்தாங்கி என்று சுற்றிக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில் ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்த லாரி ஒன்று, பின்னால் நான் பைக்கோடு நிற்பதைப் பார்க்கவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. விரைவில் நலம்பெற வாழ்த்துகள் என்று முதல் வரி. என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்று இரண்டாவது வரி. மூன்றாவது வரி இல்லை.

வேலையும் காலும் ஒரே லாரியில் போயின. என்னைப் பொறுத்தவரை அது ஒரு சம்பவம். அரசாங்கத்துக்கு அது இரண்டு. கால் போனதை ஒரு அலுவலகத்தில் சொல்லவேண்டும், வேலை போனதை இன்னொரு அலுவலகத்தில் சொல்லவேண்டும். கால் போன கதையை வேலை அலுவலகத்தில் ஆரம்பித்தால் கையமர்த்திவிடுவார்கள்.

முதலில் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத்தான் போனேன். கல்லூரி முடித்தவுடன் பதிந்து, விடாமல் புதுப்பித்துவந்த பதிவு என்னுடையது. வேலையில் இருந்த காலத்திலும் புதுப்பித்தேன். இந்த ஊரில் பட்டதாரி என்றால் அப்படித்தான். பதிவை மாற்றுத்திறனாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தேன். காத்திருப்பு முடிந்ததும் வேலையில்லாதோர் உதவித்தொகை வர ஆரம்பித்தது. சின்னத் தொகைதான். அதற்காக வருஷா வருஷம் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுக்கவேண்டும். எனக்கு வேலை செய்ய உடம்பில் தகுதியும் மனத்தில் விருப்பமும் உண்டு, வேலை மட்டும் கிடைக்கவில்லை என்பது அதன் சாரம்.

பிறகுதான் தாலுகா ஆபீஸ் வழியாக வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். இதைவிட அது கொஞ்சம் கூடுதல். இன்னொரு நல்ல குணமும் அதற்கு உண்டு. வேலையில்லாதவனுக்கு இத்தனை வருஷம் என்று கணக்கிருக்கிறது, கால் இல்லாதவனுக்குக் கடைசிவரை. அதற்கான மனுவில் நான் எழுதவேண்டியது, உழைத்துப் பிழைக்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்று. இரண்டையும் ஒரே பேனாவால்தான் எழுதினேன். இரண்டும் உண்மை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்க என்னால் முடியும். உட்காரவைத்து வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனேன். "கூட்டம்னா எந்திரிச்சுத் துணியும் எடுத்துக் குடுக்கணும் தம்பி" என்று முதலாளி என் காலைப் பார்க்காமலே சொன்னார். பார்க்காமல் இருப்பது மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம்.

இரண்டு தொகையையும் சேர்த்து வாங்கமுடியுமா என்று வேலைவாய்ப்பு அலுவலகக் கிளார்க்கிடம் கேட்டேன்.

"முடியாதுங்க. ஏதாச்சும் ஒண்ணுதான்."

"வேலையும் இல்ல, காலும் இல்லயே சார்."

"இல்லாதது ரெண்டா இருக்கலாங்க. குடுக்கிறது ஒண்ணுதான்."

கெட்ட மனுஷன் இல்லை. என்னை உட்காரச் சொல்லித்தான் இதைச் சொன்னார். அப்படியென்றால் அங்கே உத்தரவு வந்த பிறகு இங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இங்கிட்டு நின்னாத்தான் அங்கிட்டு எடுத்துக்குவாங்க. ரெண்டு எடத்துலயும் ஒங்க பேரு கம்ப்யூட்டர்ல இருந்தா அதுவே ஒதுக்கிரும்" என்றார். விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நிறுத்திவிட்டோம் என்று சீல் போட்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு தாலுகா ஆபீஸில் மனுவைக் கொடுத்தேன். மருத்துவக் குழு என் காலை ஏற்கனவே அளந்து சதவீதம் போட்டு அட்டை கொடுத்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர், அதாவது எங்கள் ஊர் வி.ஏ.ஓ., இவருக்குத் தொழில் இல்லை, வருமானம் இல்லை என்று ரிப்போர்ட் எழுதவேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்தத் தொகை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரிக் கொல்லை இருக்கிறது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பிளேடு வாங்க, பஸ்ஸுக்கு, ஊன்றுகோலின் அடி ரப்பருக்கு என்று நான் கேட்பதற்கு முன்பே அப்பா டிவி மேல் பணத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவார். கேட்டு வாங்குவதைவிட அது எனக்கு அவமானமாக இருந்தது. அவர் முன்பு அப்படிப்பட்ட ஆள் இல்லை. என் டையைப் பார்த்து மாட்டுக்குக் கட்டுகிற கயிறு மாதிரி இருக்கிறதென்று தினமும் சிரித்தவர். கால் போன நாளிலிருந்து என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். வீட்டில் அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எனக்கென்று ஒரு தொகை வந்தால் அவர் டிவி மேல் எதையும் வைக்கவேண்டியிருக்காது, பழையபடி ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று நம்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் தங்கைக்குப் பொன்னமராவதியில் மாப்பிள்ளை அமைந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் ஆளின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகமுடியாது. பெயருக்குக் கீழே அவர் என்னவாக இருக்கிறார் என்று போட்டாகவேண்டும். விவசாயம் என்று போடலாம். ஓய்வு என்று போடலாம். சிங்கப்பூர் என்று நாட்டின் பெயரை மட்டும் போட்டால்கூட அது ஒரு உத்தியோகம். சும்மா இருக்கிறார் என்று மட்டும் போடமுடியாது. அப்படி யாரையும் இதுவரை அச்சிட்டதில்லை. அதனால் சும்மா இருக்கிற எல்லாரும் தொழிலதிபர் ஆகிறார்கள். என் பெயருக்குக் கீழேயும் தொழிலதிபர் என்று வந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் பெயருக்குக் கீழே தொழிலதிபர், சிங்கப்பூர் என்று வந்தது. அவர் எங்களைவிட ஒரு படி மேல்.

அந்தப் பத்திரிகையை வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு தட்டில் வைத்து, ஊரில் முக்கியமானவர்கள் எல்லாருக்கும் அப்பாவே நேரில் போய்க் கொடுத்தார். முக்கியமானவர்களில் வி.ஏ.ஓ.வும் ஒருவர். எனக்கு எதிரான சாட்சியத்தைத் தட்டில் வைத்து, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று சொல்லி, அதிகாரி கையில் கொடுத்த குடும்பம் இந்த ஜில்லாவில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஃபிளெக்ஸ் அதைவிடப் பெரிய கூத்து. தங்கையின் வகுப்பில் படித்தவர்கள் சேர்ந்து வைத்தது. என் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் என் தலையை மட்டும் எடுத்து, நீலக் கோட்டும் பளபளக்கும் கறுப்பு ஷூவும் போட்ட ஒரு உடம்பில் ஒட்டிவிட்டார். நான் இரண்டு காலையும் அகட்டி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் எட்டடி உயரத்துக்கு நின்றேன். எனக்கு அடுத்து மாப்பிள்ளையின் அண்ணன் நின்றார். அதே நீலக் கோட்டு, அதே ஷூ, தலை மட்டும் வேறு. அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். "எம்புட்டு அழகா நிக்கிறான்" என்று சொல்லி அழுதாள். அந்த ஃபிளெக்ஸைக் கேலி செய்கிற உரிமை எனக்கு உண்டு, ஆனால் முதல்நாள் நான் அதன் எதிரில் ரொம்ப நேரம் நின்றேன் என்பதையும் சொல்லவேண்டும்.

கல்யாணத்துக்குச் செயற்கைக் காலை மாட்டி, பேன்ட் போட்டுச் சமாளித்தேன். சம்பந்தி வீட்டார் யாராவது நடையைக் கவனித்தால் சின்ன ஆக்ஸிடென்ட் என்று சொன்னோம். மாப்பிள்ளையின் அண்ணன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார்கள். தொழிலதிபருக்கு லீவு தர மறுத்தது யார் என்று ஒரு கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. நானே ஒரு தொழிலதிபராக நின்றுகொண்டு இன்னொருவரை எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து சில வாரங்களில் வி.ஏ.ஓ. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வி.ஏ.ஓ. வெளியூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, எதையும் இரண்டு தடவை படிப்பவர். என் ஊன்றுகோலையும், மடித்துக் கட்டிய வேட்டியையும், முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், ஒங்கள நான் தினம் பாக்குறேனே" என்றார்.

"நான் வீட்டவிட்டு அவ்வளவா வெளிய வர்றதில்லைங்க மேடம்."

"இல்ல சார், அங்க" என்று ஜன்னலைக் காட்டினார்.

எதிரில் டீக்கடை. கல்யாணம் முடிந்ததும் ஃபிளெக்ஸை யாரோ கழற்றி அந்தக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைச் சாரலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார். மணமக்களை மடித்து உள்ளே விட்டுவிட்டார். வெளியே தெரிந்ததெல்லாம் நானும் மாப்பிள்ளையின் அண்ணனும்தான். வி.ஏ.ஓ. காலையிலும் மாலையிலும் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டுதான் டீ குடித்திருக்கிறார். மனுவில் இருந்த என் படத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

அடுத்து மேசை இழுப்பறையைத் திறந்தார். அப்பா கொடுத்த பத்திரிகை கெட்டி அட்டையில் அடித்தது என்பதால், அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் உள்ளே காகிதங்கள் வைத்திருந்தார். விரித்து, என் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்கதானே?"

"நான்தான். ஆனா நான் தொழிலதிபர் இல்லைங்க."

"அப்பறம் எதுக்குப் போட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் கிடையாது. எல்லாரும் போடுவார்கள், நாங்களும் போட்டோம். அதைத்தான் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒங்க கால நான் கண்ணாலயே பாக்குறேன். ஆனா நான் தொழில் இல்லைன்னு எழுதிட்டு, நாளைக்கு யாராச்சும் இந்த ஃபிளெக்ஸ போட்டோ எடுத்து மனுவோட அனுப்புனா, ரெண்டு காலோட நிக்கிற தொழிலதிபருக்கு எப்படி ரிப்போர்ட் குடுத்தேன்னு என்னத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். திட்டலாம் என்று ஆள் தேடினால் யாரும் அகப்படவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பத்திரிகை இரண்டு வீட்டார் பெயரிலும் அடித்தது. அதில் இவரைத் தொழிலதிபர் என்று போட்டது சரியல்ல, இவருக்கு எந்தத் தொழிலும் கிடையாது என்று பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை இணைத்து ரிப்போர்ட் அனுப்பிவிடுவார்.

வெளியே வந்து டீக்கடைக்காரரிடம் அந்த ஃபிளெக்ஸைத் திருப்பியாவது கட்டுங்களேன் என்றேன். "பிரிண்டு வெளிய இருந்தாத்தாண்ணே தண்ணி உள்ள எறங்காது" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. கடைக்கு நிழல் கொடுக்கிறவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அப்பாவிடம் சொன்னேன். முந்திரிக்கொட்டையை உலர்த்திக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். "இத அவங்க கையில குடுத்தா, அந்த வீட்டுல ஒந்தங்கச்சி எப்படி நிமிந்து உக்காந்து சோறு திம்பா? பொண்ணு கேட்டு வந்தப்ப அண்ணன் சொந்தத் தொழில் பண்றான்னு சொல்லித்தான் குடுத்திருக்கேன்."

"பொய் சொன்னது நீங்கதானப்பா."

"புரூப் பாத்தது யாரு?"

புரூப் பார்த்தது நான். அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்ததை, படித்த பிள்ளை என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். முகூர்த்த நேரத்தில் ஒரு பிழை இருந்தது, திருத்தினேன். பெரியப்பாவின் பெயர் விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னேன். என் பெயருக்குக் கீழே இருந்த வார்த்தையையும் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு ஓகே என்று அனுப்பினேன். இதுவரை இந்தக் கதையில் நான் அப்பாவையும் அச்சகத்தையும் ஃபிளெக்ஸ் கடையையும் கேலி செய்தது எல்லாம் இந்த இடத்துக்கு வராமல் தப்பிக்கத்தான்.

"மொதல்ல அவங்க போடட்டும். அப்பறம் நான் போடுறேன்" என்றார் அப்பா. நான் போகமாட்டேன் என்று அவருக்கு நிச்சயம்.

இரண்டு நாள் யோசித்தேன். போனால் தங்கையின் மரியாதை போகும். போகாவிட்டால் வேலையில்லாதவனுக்கான தொகையும் இல்லை, கால் இல்லாதவனுக்கான தொகையும் இல்லை, டிவி மேல் அப்பா வைக்கிற பணம்தான். தங்கைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அழுவாளோ என்று பயந்தேன். "வாண்ணே. மாமா வீட்டுலதான் இருப்பாக. நேர்லயே வந்து குடு" என்றாள். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அது என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

புதுக்கோட்டை போய் பஸ் மாறி, மத்தியானம் பொன்னமராவதியில் இறங்கினேன். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு. செயற்கைக் காலை மாட்டித்தான் போயிருந்தேன், ஆனால் ஊன்றுகோலையும் எடுத்துப் போனேன். மறைத்ததைச் சொல்லப் போகிறவன் பாதியை மறைத்துக்கொண்டு போவானேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அவருடைய அப்பா, ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர், வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையருகில் நின்றுகொண்டாள்.

டைப் அடித்துக் கொண்டுபோன காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் மாதிரி வரி வரியாகப் படித்தார். மேற்படி திருமண அழைப்பிதழில் மணமகளின் அண்ணன் தொழிலதிபர் என்று அச்சிடப்பட்டிருப்பது சரியல்ல. அவர் விபத்தில் ஒரு காலை இழந்தவர். எந்தத் தொழிலும் செய்யவில்லை. எந்த வருமானமும் இல்லை. நானே எழுதியதுதான், ஆனால் இன்னொருவர் அதைப் படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மன்னிச்சுக்கங்க மாமா" என்றேன். "தங்கச்சி மேல கோவிச்சுக்காதீங்க. சொன்னது நாங்கதான்."

அவர் எழுந்து, கூடத்தை ஒட்டியிருந்த அறையின் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க" என்றார்.

கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்து ஒருவர் சாய்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை. அந்த முகத்தை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். டீக்கடையில் எனக்கு அடுத்து நிற்கிறவர்.

சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போயிருக்கிறது. கொண்டுவந்து சேர்த்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்தன்று அவருடைய அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்களாம். அவர்கள் தெருவுக்கெல்லாம் தெரியும். எங்கள் தெருவுக்கு மட்டும்தான் தெரியாது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது யாரும் வாயைத் திறக்காமல் இருப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தானே. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை மறைத்தா பெண் எடுத்தார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் என் ஊன்றுகோல் கதவில் இடித்துச் சத்தம் போட்டது.

"வாங்க மச்சான்" என்றார் அவர். "என் பக்கத்துல நிக்கிறவருதானே நீங்க?"

செல்போனைத் தேடி எடுத்துக் காட்டினார். தம்பி எடுத்து அனுப்பிய ஃபிளெக்ஸ் படம். அவரும் அதை நிறையத் தடவை பார்த்திருக்கிறார் என்று அவர் விரல் போன வேகத்திலேயே தெரிந்தது.

"ஷூ ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்காமல், நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டி, செயற்கைக் காலைக் கழற்றி அவரிடம் காட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே வேறு யார் முன்னாலும் நான் அதைக் கழற்றியதில்லை. அவர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, இதன் எடை எவ்வளவு, வேர்க்குமா என்றெல்லாம் விசாரித்தார். வாசலில் நின்ற தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனில் அவள் குரல் ஏன் அப்படி இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. இந்த வீட்டு ரகசியத்தை எங்களிடமும், எங்கள் வீட்டு ரகசியத்தை இவர்களிடமும் சொல்லாமல் இரண்டு பக்கமும் காவல் காத்திருக்கிறாள். பாவம், கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வேலை. அவளுக்கும் பத்திரிகையில் ஒரு உத்தியோகம் போட்டிருக்கலாம்.

ஹெட்மாஸ்டர் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, இந்தத் தொகைக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?"

"நீங்க இதுவரைக்கும் குடுக்கலையா மாமா?"

"குடுத்தா விசாரிக்க வருவாக. வந்தா வெளிய தெரிஞ்சுபோயிரும். சின்னவனுக்குக் கல்யாணம் முடியட்டும்னு இருந்தோம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கல்யாணம் முடிஞ்சிருச்சு. ஆனா பத்திரிகைலதான் இப்படிப் போட்டுட்டோமே" என்றார்.

அன்று சாயங்காலம்வரை நான் அங்கே அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எந்த ஆபீஸில் எந்தக் காகிதம் முதலில், மருத்துவக் குழு எப்படி அளக்கும், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை என்ன செய்வது என்று எல்லாம் எனக்குத்தான் அத்துப்படி. இரண்டு வருஷம் அலைந்ததில் நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில் இதுதான், அதை எந்த மனுவிலும் எழுதமுடியாது. தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன். "இல்லைன்னே போடுங்க மச்சான்" என்றார். போட்டேன். கூடவே, அவருடைய வி.ஏ.ஓ.வும் பத்திரிகையைப் பார்த்திருந்தால் தேவைப்படுமே என்று, மாப்பிள்ளையின் அண்ணனைத் தொழிலதிபர் என்று அச்சிட்டது சரியல்ல என்று இன்னொரு காகிதமும் எழுதினோம். ஹெட்மாஸ்டர் அதிலும் கையெழுத்துப் போட்டார். பெண்வீட்டார் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு காகிதத்தையும் அப்பா முன்னால் வைத்தேன். முதலாவதைப் பார்த்தார். சம்பந்தியின் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அடுத்ததை எடுத்து, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"அவருமா?"

"இடுப்புக்குக் கீழ அசைவே இல்லப்பா. ரெண்டு வருஷமாச்சு."

அப்பா இரண்டு காகிதத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "பேருக்குக் கீழ என்ன போடன்னு அச்சாபீஸ்ல கேட்டான். ஒனக்கு மட்டும் வெறுமனே விட மனசு வரலடா" என்றார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பேனாவை என் பையில் அவரே சொருகினார்.

"அந்தத் தம்பிக்கு எத்தனை சதவீதமாம்?"

"இன்னும் அளக்கலப்பா. வர்ற வாரம் புதுக்கோட்டைக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் கொல்லைக்குக் கிளம்பி வாசல்வரை போனார். டிவி மேல் எதையும் வைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"தொழிலதிபருங்க ரெண்டு பேரும் பஸ்லயா போவீங்க? கார் சொல்றேன், இரு."